பெருமாள்களுக்குக் காலம் கணித்தவர்

கர்ணபரம்பரைக் கதைகளின் இடத்தில் கல்வெட்டை வைத்தார் கேரள வரலாற்றறிஞர் எம்.ஜி.எஸ். நாராயணன். தன் முடிவுகளையும் அதே உரைகல்லில் உரசிப் பார்த்தார்.

ஒரு குடும்பத்தின் நில உரிமை, ஒரு சிற்றரசின் அந்தஸ்து, ஒரு கோயிலின் பழமை. கேரளத்தில் எதைப் பற்றிக் கேட்டாலும் ஒரு காலத்தில் பதில் ஒரே ஆளிடம் போய் நிற்கும்: சேரமான் பெருமாள். பிராமணர்கள் வெளியிலிருந்து பெருமாள்களை வரவழைத்தார்கள், ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு ஆண்டு ஆட்சி, கடைசிப் பெருமாள் நாட்டைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு மெக்காவுக்குக் கப்பலேறினார் என்பது 'கேரளோற்பத்தி' சொல்லும் கதை. தமிழ் மரபிலோ சேரமான் பெருமாள் நாயனார் சுந்தரரைத் தொடர்ந்து குதிரையேறிக் கயிலைக்குப் போகிறார்.

உண்மையில் ஆண்டவர்கள் யார், எப்போது ஆண்டார்கள்? இந்தக் கேள்விக்கு விடை தேடியே பெயர் பெற்ற எம்.ஜி.எஸ்., 2025 ஏப்ரல் 26இல் கோழிக்கோட்டில் தன் 92ஆம் வயதில் காலமானார்.

முற்றயில் கோவிந்தமேனன் சங்கர நாராயணன் 1932இல் பரப்பனங்காடியில் பிறந்தபோது மலபார், சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அவர் வரலாற்றில் முதுகலை படித்ததும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில்தான். ஆய்வுக்கு வந்தபோது களத்தில் ஏற்கெனவே ஒரு ஜாம்பவான் இருந்தார். அவர் திருவனந்தபுரம் பல்கலைக்கழகக் கல்லூரியின் மலையாளப் பேராசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை. மகோதையை, அதாவது இன்றைய கொடுங்கல்லூரைத் தலைநகராகக் கொண்ட இரண்டாம் சேரப் பேரரசைக் கல்வெட்டுகளிலிருந்து மீட்டெடுத்தவர் அவரே. சோழருக்கும் சேரருக்கும் நூறாண்டுப் போர் நடந்தது, கேரளச் சமூகம் தலைகீழாக மாறியது அதனால்தான் என்பது அவர் வாதம்.

எம்.ஜி.எஸ். அந்த வழியிலேயே நடந்தார். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை. வட்டெழுத்தும் பழந்தமிழும் கற்றார். செப்பேடுகளையும் கோயில் கல்வெட்டுகளையும் தேடிச் சேர்த்து, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மீண்டும் படித்தார். நூறாண்டுகள் இடைவிடாமல் போர் நடந்ததற்கு அவற்றில் சான்று இல்லை என்று முடிவு கட்டினார்.

காலக்கணிப்பு லேசான வேலையல்ல. பெருமாள்களின் சாசனங்களில் பொதுவாகச் சகாப்த ஆண்டு இருப்பதில்லை. அரசனின் ஆட்சியாண்டுதான் இருக்கும். அதுவும் நேரடியாக இருக்காது. யூத வணிகர் ஜோசப் ரப்பானுக்கு பாஸ்கர ரவி உரிமைகள் வழங்கிய செப்பேட்டின் ஆண்டு, 'இரண்டுக்கு எதிர் முப்பத்தாறு'. இரண்டையும் கூட்டினால் 38. பாஸ்கர ரவி 962இல் பட்டத்துக்கு வந்தவர் என்பது எம்.ஜி.எஸ்ஸின் கணக்கு. ஆகவே செப்பேட்டின் காலம் கி.பி. 1000. கொல்லத்துத் தேவாலயத்துக்கான தரிசாப்பள்ளிச் செப்பேடு, ஸ்தாணு ரவியின் ஐந்தாம் ஆண்டில், 849இல் எழுதப்பட்டது. இப்படி ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தியபோது, சுமார் 800 முதல் 1124 வரை தொடர்ந்த ஓர் அரச வம்சம் உருப்பெற்றது. அதில் பாஸ்கர ரவி மட்டுமே 1021 வரை ஆள்கிறார். பன்னிரண்டு ஆண்டுக் கதை அங்கேயே அடிபட்டுப்போனது.

தமிழர்களுக்கு இதில் தனி அக்கறை உண்டு. ஸ்தாணு ரவி குலசேகரனே குலசேகர ஆழ்வார், அவருக்கு முன் ஆண்ட ராஜசேகரனே சேரமான் பெருமாள் நாயனார் என்று அடையாளம் கண்டார் எம்.ஜி.எஸ். இது ஏற்கப்பட்டால் ஆழ்வாரும் நாயனாரும் அடுத்தடுத்து ஒரே அரியணையில் இருந்தவர்கள். தென்னிந்திய பக்தி இயக்கம் பற்றிக் கேசவன் வெளுத்தாட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1978இல் வெளியானது.

பெருமாள்கள் பற்றிய ஆய்வுக்கு 1973இல் கேரளப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் அளித்தது. அதைப் பரிசீலித்த ஏ.எல். பாஷம் வெகுவாகப் பாராட்டினார். ஆனாலும் 'பெருமாள்ஸ் ஆஃப் கேரளா' அச்சேற மேலும் 23 ஆண்டுகள் ஆயின. 1996இல் தனிச்சுற்றுக்காக அச்சிடப்பட்ட அந்த நூல், 2013இல்தான் பரவலான பதிப்பாக வந்தது. இதற்கிடையே கோழிக்கோடு பல்கலைக்கழக வரலாற்றுத் துறையின் தலைவராக இருந்து, ஒரு தலைமுறை ஆய்வாளர்களை அவர் உருவாக்கியிருந்தார்.

அந்த ஆய்வேட்டில் பெருமாள் ஒரு முழுமையான மன்னர். 2002இல் வெளியான கட்டுரையில் எம்.ஜி.எஸ். அதைத் தானே மாற்றினார். முடி பெருமாளின் தலையில் இருந்தாலும், அதிகாரம் பெரும்பாலும் பிராமணக் குழுவின் கையில் இருந்தது என்றார். 'நாலு தளி'யின் பிரதிநிதிகள் அரசவையில் அமர்ந்ததும், பிராமணரோடு ஏற்பட்ட பகைக்காகக் கடைசிப் பெருமாள் ராம குலசேகரன் பிராயச்சித்தம் செய்ததாகக் கூறும் கொல்லம் ராமேஸ்வரம் கோயில் கல்வெட்டும் பெருமாளின் அதிகாரத்துக்கு இருந்த எல்லையைக் காட்டுகின்றன. தன் பெயரை நிலைநாட்டிய ஆய்வையே சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பின் திருத்துகிற பேராசிரியர்கள் அதிகம் பேர் இல்லை.

மற்றவர்களின் நம்பிக்கைகளிடமும் அவர் இதே கறாரைக் காட்டினார். புனித தோமையார் கேரளம் வந்ததற்குச் சரித்திரச் சான்று இல்லை என்றார். வாஸ்கோ ட காமா இறங்கியது நினைவுக்கல் நிற்கும் காப்பாட்டில் அல்ல, பந்தலாயனிக் கொல்லத்தில் என்றார். பட்டணம் அகழாய்வைக் கொண்டு அந்த ஊரே முசிறி என்று முடிவு கட்டுவதை ஏற்க மறுத்தார். வாஜ்பாய் ஆட்சியில், 2001 முதல் 2003 வரை இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்தபோது இடதுசாரி வரலாற்றாசிரியர்களின் கடும் விமர்சனத்துக்கு ஆளானார். ஆனால் எந்த முகாமும் அவரை முழுமையாகத் தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ள முடியவில்லை.

அவர் குறித்த ஆண்டுகளில் சில மாறலாம்; ஆழ்வார், நாயனார் அடையாளங்கள் பற்றிய விவாதமும் தொடரலாம். ஆனால் மகோதைப் பெருமாள்களைப் பற்றி எழுத உட்காரும் எவரும், உடன்படுவதற்கோ மறுப்பதற்கோ, முதலில் அவர் தொகுத்து வைத்த கல்வெட்டுப் பட்டியலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.