படத்துக்கா விலை, பெயருக்கா?

ஆம்பூர் என்றதும் உங்களுக்குப் பிரியாணிதான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊருக்குச் சோறு போடுவது தோல். காலை வேளையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்களில் வந்து இறங்கும் பெண்களைப் பார்க்க வேண்டுமே! வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ தைப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். அவர்கள் தைத்த ஷூ கப்பலேறிப் போய், ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பெயரைத் தாங்கிக்கொண்டு கண்ணாடி அலமாரியில் உட்காருகிறது. தோலும் அதேதான், தையலும் அதேதான். பெயர் ஏறியதும் விலையும் ஏறிவிடுகிறது!

ஷூவையாவது தடவிப் பார்த்து வாங்கலாம். தடவிப் பார்க்கவே முடியாத சரக்கு ஒன்று உண்டு: கம்ப்யூட்டரில் வரையும் சித்திரம். அதற்கு விலை எங்கிருந்து வருகிறது?

2021 மார்ச் 11-ஆம் தேதி நடந்த விந்தையைக் கேளுங்கள். 1766-இல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனியில் ஒரு டிஜிட்டல் படம் ஏலத்துக்கு வந்தது. வரைந்தவர் 'பீப்பிள்' என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்கர் மைக் விங்கல்மன். 100 டாலரில் ஆரம்பித்த கேள்வி, 6 கோடியே 93 லட்சம் டாலரில் முடிந்தது. நம் கணக்கில் சுமார் 500 கோடி ரூபாய்! வாங்கியவர் யார் தெரியுமா? நம் தமிழர்தான், விக்னேஷ் சுந்தரேசன். அவரும் புனைபெயர்க்காரர்: 'மெட்டாகோவன்'. கோவன் என்றால் அரசன் அல்லவா?

அந்தப் படத்தை நீங்களும் நானும் செல்போனில் காசில்லாமல் பார்க்கலாம். அவருக்குக் கிடைத்ததோ, 'இது உம்முடையது' என்று கம்ப்யூட்டர் பேரேட்டில் பதிவான என்.எஃப்.டி. என்னும் உரிமைச் சீட்டு. இதற்கா இவ்வளவு பணம் என்று நீங்கள் மூக்கில் விரலை வைப்பது நியாயமே.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பீப்பிள் 2007 மே மாதத்திலிருந்து ஒருநாள் விடாமல் தினம் ஒரு படம் வரைந்து இணையத்தில் வெளியிட்டு வந்தார். ஏலத்துக்கு முன்பே இன்ஸ்டாகிராமில் சுமார் 18 லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். இது 13 ஆண்டுகள் சேர்த்த கூட்டம். அதன்மேல் கிறிஸ்டீஸ் என்ற பெரிய பெயரும் விளம்பரமும் வந்து சேர்ந்தன. விலை விண்ணுக்குப் போயிற்று.

கூட்டத்திலும் இரண்டு ஜாதி உண்டு. மெட்டாகோவன் 2020 டிசம்பரில் அதே பீப்பிளின் 20 படங்களை 22 லட்சம் டாலருக்கு வாங்கி, இணையத்தில் மாயக் கண்காட்சி சாலைகள் கட்டி, அவற்றில் பங்கு போல பி.20 என்ற டோக்கன்களை வெளியிட்டார். 2021 ஜனவரியில் ஒரு டாலருக்கும் குறைவாக ஆரம்பித்த டோக்கன், மார்ச் ஏலத்தின் பரபரப்பில் 20 டாலரைத் தாண்டியது. பிறகு மறுபடி ஒரு டாலருக்கும் கீழே விழுந்தது. படங்கள் மாறவில்லை, விலையைப் பார்க்க வந்தவர்கள் விலை இறங்கியதும் எழுந்து போய்விட்டார்கள். படத்தைப் பார்க்க வந்தவர்களோ பீப்பிளைக் கைவிடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் அவருடைய இன்னொரு படைப்பு கிறிஸ்டீஸில் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் டாலருக்குப் போயிற்று.

இந்தச் சமாசாரம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? உங்கள் வீட்டுப் பெண்ணே டாப்லெட்டில் கோலமும் கல்யாணப் பத்திரிகையும் வரைகிறவளாக இருக்கலாம். "இதை என்.எஃப்.டி. ஆக்கினால் லட்சம் வரும், முதலில் பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், ஒரு கேள்வி கேளுங்கள்: "இவள் படத்தை விரும்பிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?" அதற்குப் பதில் இல்லையென்றால் பர்ஸைத் திறக்காதீர்கள். வாங்கி விற்று லாபம் பார்க்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2022 ஏப்ரல் முதல் இத்தகைய லாபத்துக்கு 30 சதவீத வரி, நஷ்டம் வந்தால் வேறு வருமானத்தில் கழிக்கவும் வழியில்லை.

அவள் வாரம் ஒரு படம் போடட்டும். முதலில் அத்தையும் சிநேகிதியும் பார்ப்பார்கள். பிறகு அவர்கள் சொல்லி முகம் தெரியாதவர்கள் பார்ப்பார்கள். அந்த முகம் தெரியாதவர்களில் ஒருத்தி தன் வீட்டுக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வரைந்து தரச் சொல்லிக் கேட்கிறாளே, அன்றைக்குத்தான் உங்கள் பெண்ணின் கலைக்கு விலை பிறக்கிறது.