ஷேன் வார்ன் மறைவு: மைதானங்கள் மௌனித்த நாட்கள்



2022ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள், வெள்ளிக்கிழமை. பாகிஸ்தானின் பெஷாவர் நகரில் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தோர் மீது தற்கொலைக் குண்டுத் தாக்குதல் நடத்தப்பட்டது. 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே நாளில்தான் ராவல்பிண்டியில் பாகிஸ்தான், ஆஸ்திரேலிய அணிகளுக்கிடையே டெஸ்ட் போட்டி தொடங்கியிருந்தது. 24 ஆண்டுகளுக்குப் பின்னர் ஆஸ்திரேலியர் அம்மண்ணில் ஆட வந்த போட்டி அது. அன்று மாலை இன்னொரு செய்தி வந்தது. தாய்லாந்தின் கோ சமுய் தீவுக்கு விடுமுறையைக் கழிக்கச் சென்றிருந்த சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன், தமது 52ஆம் வயதில் காலமாகிவிட்டார் என்பதே அச்செய்தி.

ஆஸ்திரேலியாவின் முன்னாள் விக்கெட் காப்பாளர் ராட் மார்ஷ் இறந்ததும் அதே நாளில்தான். அவருக்காக வார்ன் இரங்கல் செய்தி வெளியிட்டிருந்தார். அதை எழுதிய கை, சில மணி நேரத்திற்குள் அசைவற்றுப் போயிற்று.

வணக்கத்திலிருந்தோர் மாண்டுபோன ஒரு நாளில், பந்து வீசிப் பொருளீட்டிய ஒருவருக்காக உலகமே கண்ணீர் உகுப்பது முறையாகுமா என்று உங்கள் இல்லத்துப் பெரியவர்கள் வினவக்கூடும். நியாயமான வினாவே அது. ஆயினும் அதற்கு விடை காணுமுன், ரசிகர்கள் இழந்தது யாதென அறிதல் வேண்டும்.

மணிக்கட்டைத் திருப்பிப் பந்தைச் சுழற்றும் 'லெக் ஸ்பின்' கலை கற்பதற்கு மிகக் கடினமானது. ஓட்டங்களை வாரி வழங்கிவிடும் அபாயமும் அதில் உண்டு. வேகப்பந்து வீச்சாளர்கள் கோலோச்சிய 1980களில் அதனைப் பெரிதும் கட்டிக்காத்தவர் லாகூரைச் சேர்ந்த அப்துல் காதிர். 67 டெஸ்ட் போட்டிகளில் 236 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். 1987இல் லாகூரில் இங்கிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 56 ஓட்டங்களுக்கு 9 விக்கெட்டுகள் எடுத்தார். 1994இல் பாகிஸ்தானுக்கு வந்த வார்ன், காதிரின் இல்லம் தேடிச் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டே ஓல்ட் டிராஃபோர்டில் மைக் கேட்டிங்கை வீழ்த்திய ஒரு பந்தினால் வார்ன் உலகப் புகழ் பெற்றிருந்தார். லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து, மட்டையைக் கடந்து, ஆஃப் ஸ்டம்பைத் தகர்த்த பந்து அது. அத்தகையவர், ஓய்வு பெற்ற மூத்தவரின் வீட்டுத் தரைவிரிப்பில் அமர்ந்து, ஒருவர்க்கொருவர் பந்தைச் சுழற்றி உருட்டி நுணுக்கங்களைக் கேட்டறிந்தார். கல்வியைத் தேடி ஆசானின் வாயிலில் நிற்கும் பண்பை ஏடுகளில் படித்துப் போதிக்கும் எம்போன்றோர்க்கு இந்நிகழ்ச்சி தனி மகிழ்வைத் தருகிறது. சமயமும் நாடும் மொழியும் வேறு. இருவரும் பகிர்ந்துகொண்டதோ ஒரே கலை.

வார்ன் 145 டெஸ்ட் போட்டிகளில் 708 விக்கெட்டுகளை எடுத்தார். முத்தையா முரளிதரனின் 800க்கு அடுத்த இடம் அவருடையதே. முரளிதரனின் 532 விக்கெட்டுகளைக் கடந்து, சிறிது காலம் உலக சாதனையைத் தம்வசம் வைத்திருந்ததும் உண்டு. அதை அவர் எட்டியது 2004 அக்டோபரில் நம் சென்னைச் சேப்பாக்கம் மைதானத்தில். 2008இல் முதல் ஐ.பி.எல். கோப்பையை ராஜஸ்தான் அணிக்கு அவர் பெற்றுத் தந்தபோது, தோற்றது சென்னை அணி. அவ்விறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர் பரோடாவின் யூசுஃப் பதான். அதிகம் அறியப்படாத இளைஞர்களிடம் நம்பிக்கை வைத்து அவர்களை ஆளாக்கும் திறன் வார்னிடம் இருந்தது.

அவரை ஒழுக்கச்சீலராக இங்கே சித்திரிக்க முனையவில்லை. புகைப் பழக்கம் உடையவர். தடை செய்யப்பட்ட மருந்தை உட்கொண்டமைக்காக 2003இல் உலகக் கோப்பையிலிருந்து திருப்பியனுப்பப்பட்டு, ஓராண்டுத் தடைக்கும் ஆளானவர். மெல்போர்ன் மைதானத்தின் வெளியே உள்ள அவரது சிலையடியில் ரசிகர்கள் மலர்களோடு பீர்க் குப்பிகளையும் சிகரெட்டுகளையும் வைத்துச் சென்றனர். நமக்கு இது முகம் சுளிக்கத்தக்க காட்சிதான். அவர்களோ தம் நண்பருக்குப் பிடித்தவற்றையே கொண்டுவந்தோம் என்று எண்ணினர். மார்ச் 30ஆம் நாள் அம்மைதானத்தில் நடந்த அரசு நினைவஞ்சலியில் 50,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அங்குள்ள பார்வையாளர் மாடம் ஒன்றுக்கு வார்னின் பெயர் சூட்டப்பட்டது; பெயர்ப் பலகையைத் திறந்துவைத்தவர்கள் அவருடைய மூன்று பிள்ளைகள். தேசமே துக்கித்தாலும், தந்தையை இழந்தவர்கள் அம்மூவர் மட்டுமன்றோ!

இனிப் பெரியவர்களின் வினாவுக்கு வருவோம். மார்ச் 5ஆம் நாள் காலை, ராவல்பிண்டியில் இரண்டாம் நாள் ஆட்டம் தொடங்குமுன் இரு அணியினரும் தலைகுனிந்து மௌனம் காத்தனர். மார்ஷுக்காகவும் வார்னுக்காகவும் மட்டுமல்ல, பெஷாவரில் உயிர்நீத்தோருக்காகவும் சேர்த்தே அம்மௌனம் அனுசரிக்கப்பட்டது. ஒருவர் பெயரை உலகறியும். மற்ற 60க்கும் மேற்பட்டோரின் பெயர்களை அவரவர் தெருவே அறியும். அந்த ஒரு நிமிடத்தில் அவ்வேறுபாடு பாராட்டப்படவில்லை. யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுந்து நின்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. நம் பிள்ளைகள் மக்தபிலேயே கேட்டறிந்த செய்திதான் அது. ஆகவே, வார்னுக்காக வருந்தும் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். பெஷாவரில் நடந்ததையும் அவனுக்குச் சொல்லுங்கள். அந்த வீடுகளுக்காகவும் அவன் மனம் கசியட்டும்.

இல்லத்தரசிகளுக்கு ஒன்று கூற விழைகிறேன். வார்னின் மரணம் இயற்கையானது என்றே பிரேதப் பரிசோதனை உறுதிசெய்தது. தம் இதயம் குறித்து அவர் முன்னரே மருத்துவரைக் கண்டிருந்தார் எனத் தாய்லாந்துக் காவல்துறை தெரிவித்தது. அப்துல் காதிரும் 2019 செப்டம்பர் 6ஆம் நாள், 63ஆம் வயதில், லாகூரில் மாரடைப்பினால்தான் வஃபாத்தானார். நெஞ்சில் வலியென்றால் 'வாயுப் பிடிப்பு' என்று கூறி இஞ்சிக் கஷாயத்தோடு காலங்கடத்தும் ஆண்கள் நம் வீடுகளில் குறைவல்லர். 2023 டிசம்பரில் மெல்போர்னில் பாகிஸ்தான் அணி ஆடிய டெஸ்ட் போட்டியின்போது, வார்னின் பெயரால் இயங்கும் அறக்கட்டளை மைதானத்திலேயே இதயப் பரிசோதனை நிலையங்களை அமைத்தது. ஆட்டம் காண வந்தவர்கள் வரிசையில் நின்று, கட்டணம் ஏதுமின்றி, தம் இரத்த அழுத்தத்தைச் சோதித்துச் சென்றனர்.