குடியை விட்ட 3-வது ராத்திரி!

கை நடுங்கும், வலிப்பு வரும், சுவரில் பூச்சி ஓடும் - காத்திவாக்கம் வீடுகளில் நடப்பது என்ன?

காத்திவாக்கம்,-

குடித்தால் சாவு வரும். இது எல்லோருக்கும் தெரியும்.

பல வருடம் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினாலும் சாவு வரலாம். இது பல பேருக்குத் தெரியாது.

"அவரே மனசு மாறிட்டாரு. சாமி கண்ணத் தொறந்துடுச்சி" என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருப்பார்கள். 3-வது ராத்திரி அவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

வடசென்னையின் கடைக்கோடியில் இருக்கிறது காத்திவாக்கம். ஒரு பக்கம் கடல். இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி ரெயில் பாதை. வடக்கே போனால் கொசஸ்தலை ஆறு கடலில் விழும் எண்ணூர் முகத்துவாரம். தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது.

எண்ணூரில் 1948-ல் மோட்டார் கம்பெனி வந்தது. அதுதான் பிறகு அசோக் லேலண்ட். 1970-ல் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. அது 2017-ல் மூடப்பட்டது. கம்பெனி வேலை, காண்டிராக்ட் கூலி, கடல் தொழில் - இந்த மூன்றும்தான் இந்தப் பக்கத்துப் பிழைப்பு. மூன்றிலும் உடம்பு நோகும். "உடம்பு வலிக்கு ஒரு குவார்ட்டர்" என்று ஆரம்பிக்கிறது. பிறகு வலி இல்லாத நாளிலும் குவார்ட்டர் வருகிறது.

கை நடுக்கம்

கீழே வருவது ஒரு வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

அவர் காண்டிராக்ட் தொழிலாளி. 15 வருடக் குடி. இரண்டு வருடமாக காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் பல் துலக்கவே கை நிற்கும். பிராந்திக்கடை திறப்பது பகல் 12 மணிக்கு. அதனால் முதல் நாளே வாங்கி, கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகள் அழுதாள். பள்ளிக்கூடத்தில் யாரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். "இனிமே தொட்டா நான் மனுசனே இல்ல" என்று அவள் தலையில் கை வைத்து சத்தியம் செய்தார். பாட்டிலைச் சாக்கடையில் கொட்டினார். அப்போது மணி 9.

திங்கட்கிழமை காலை டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பாதி டீ லுங்கியில் சிந்தியது.

"இன்னாய்யா, கை இந்த ஆட்டம் ஆடுது?"

"ஒண்ணும் இல்ல. ரெண்டு நாள்ல சரியாப் பூடும். நீ சும்மா இரு."

வேர்த்துக் கொட்டியது. வாந்தி வந்தது. இதயம் படபட என்று அடித்தது. சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போட்டது. தூக்கம் இல்லை.

இது முதல் கட்டம். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே தொடங்கலாம். பெரும்பாலானவர்களுக்கு இதோடு சரி. நாலைந்து நாளில் அடங்கிவிடும். எல்லோருக்கும் அப்படி முடிவது இல்லை என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

சாவிக் கொத்து

செவ்வாய்க்கிழமை காலை. கக்கூசுக்குப் போனவர் வாசலிலேயே விழுந்தார். கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை.

பக்கத்து வீட்டு ஆயா சாவிக் கொத்தோடு ஓடி வந்தார். "கைல இரும்பக் குடு, நின்னுடும்!"

வலிப்பு நின்றது. சாவியால் நின்றது என்று ஆயா நினைத்தார். வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானே நிற்கும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது வேறு. ஆளை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சுற்றி இருக்கும் சாமான்களை நகர்த்த வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பல்லுக்கு நடுவே கரண்டி வைக்கக் கூடாது.

குடியை நிறுத்துவதால் வரும் வலிப்பு பெரும்பாலும் 6 மணி முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஒரு முறை வந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இந்த வீட்டில் போகவில்லை. "கெளம்பறதுக்குள்ள எழுந்து ஒக்காந்துட்டாரே" என்று விட்டுவிட்டார்கள்.

கண்ணுக்குத் தெரியாத வலை

செவ்வாய் ராத்திரிதான் 3-வது ராத்திரி.

"சொவுத்துல பூச்சி ஓடுது பாரு. எறும்பு எறும்பா வருது. தட்டி விடு!"

சுவரில் ஒன்றும் இல்லை.

மனைவியைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டார். ராத்திரியா பகலா என்று தெரியவில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உட்கார்ந்த இடத்தில் இல்லாத ஸ்பானரைப் பிடித்து, இல்லாத நட்டை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

இதுவும் இந்த வியாதியின் அடையாளம்தான். தினசரி செய்யும் வேலையைக் கை தானாகவே செய்துகொண்டு இருக்கும். மீனவர் என்றால் கண்ணுக்குத் தெரியாத வலையை இழுப்பார். டிரைவர் என்றால் ஸ்டியரிங்கைத் திருப்புவார். தையல்காரர் ஊசியில் நூல் கோர்ப்பார்.

வாசலில் கூட்டம் கூடியது. ஆளுக்கு ஒரு யோசனை.

"காத்து கருப்பு அடிச்சிருக்குது. மந்திரிச்சிக் கயிறு கட்டு."

"யக்கா, கொஞ்சூண்டு வாங்கி ஊத்து. அடங்கிடும்."

"கட்டில்ல கட்டிப் போடு. இல்லாட்டி ரோட்டுக்கு ஓடிடுவாரு."

இந்த நிலைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் டெலிரியம் டிரெமன்ஸ். 1813-ல் தாமஸ் சட்டன் என்ற ஆங்கிலேய டாக்டர் சூட்டிய பெயர். குடியை நிறுத்தி 48 மணி முதல் 96 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வரும். கடும் குடிக்கு அடிமையானவர்கள் 100 பேர் நிறுத்தினால் சுமார் 5 பேருக்கு வரலாம். சிகிச்சை சரியாக இல்லாத காலத்தில், இது வந்தவர்களில் 3-ல் ஒருவர் வரை செத்தார்கள். இப்போது நேரத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தால் 100-க்கு 95 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

கட்டிப் போடுவது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் கருகிச் செத்தார்கள். சங்கிலியில் கட்டி இருந்ததால் ஓட முடியவில்லை. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்துவிட்டது. அதே சட்டத்தில் குடியால் வரும் மனக்கோளாறும் வியாதியாகவே சேர்க்கப்பட்டு இருக்கிறது. குற்றமாக அல்ல.

ஏன் இப்படி?

மது மூளைக்கு பிரேக் போடும் சாமான். தினமும் பிரேக் விழுந்துகொண்டே இருந்தால் மூளை என்ன செய்யும்? ஈடு கொடுக்க ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் இப்படியே ஓடிப் பழகிவிடும். ஒரு நாள் பிரேக்கை மட்டும் பிடுங்கி எறிந்தால், மிதித்த ஆக்சிலேட்டர் மிதித்தபடியே நிற்கும். நடுக்கம், வேர்வை, வலிப்பு எல்லாம் அந்த ஓட்டம்தான்.

மாலை போட்டுக்கொண்டு ஒரே நாளில் குடியை நிறுத்துகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கும் உண்டு. ஆபரேஷன் நல்லபடி முடிந்து, 3-வது நாள் "என்னைக் கொல்ல வராங்க" என்று கத்துவார். அவர் குடிப்பார் என்பதை வீட்டார் டாக்டரிடம் மறைத்திருப்பார்கள்.

ஊரே நடுங்கிய 2020

ஒருவர் இருவர் அல்ல, ஒரே நேரத்தில் ஊர் முழுவதும் குடி நின்றதும் நடந்திருக்கிறது.

2020 மார்ச் 24-ந் தேதி மாலை, கொரோனா ஊரடங்குக்காக தமிழ்நாட்டில் மதுக்கடைகள் மூடப்பட்டன. சென்னைக்கு வெளியே மே 7-ந் தேதி திறந்தார்கள். மறுநாளே ஐகோர்ட்டு மூடச் சொன்னது. அந்த உத்தரவுக்கு சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தது. மே 16-ந் தேதி மறுபடி திறந்தார்கள். சென்னையில் மட்டும் கடை திறந்தது ஆகஸ்டு 18-ந் தேதி. ஏறத்தாழ 5 மாதம்!

அந்த ஏப்ரல் மாதம் புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில், சவரத்துக்குப் பிறகு பூசும் லோஷனைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து 3 பேர் பரிதாபமாக இறந்தார்கள். மது கிடைக்காத தவிப்புதான் காரணம்.

கேரளாவில் வேறு விதமாக யோசித்தார்கள். அரசு டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மது தரலாம் என்று மார்ச் 30-ந் தேதி அரசு உத்தரவு போட்டது. டாக்டர்கள் கொதித்து எழுந்தார்கள். கறுப்பு பேட்ஜ் அணிந்தார்கள். இந்த வியாதிக்கு மருந்து இருக்கும்போது பிராந்திக்கு எப்படி சீட்டு எழுதுவது என்பது அவர்கள் வாதம். ஏப்ரல் 2-ந் தேதி கேரள ஐகோர்ட்டு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது.

"கொஞ்சூண்டு ஊத்து" என்று காத்திவாக்கத்துச் சந்தில் சொல்வதும் ஒரு மாநில அரசு போட்ட உத்தரவும் ஏறக்குறைய ஒன்றுதான். படித்தவர்கள் சொன்னது, படிக்காதவர்கள் சொன்னது என்பதுதான் வித்தியாசம். ஊற்றினால் நடுக்கம் அடங்கும் என்பது உண்மை. ஆனால் கடிகாரம் மறுபடி முதலில் இருந்து ஓடும்.

என்ன மருந்து?

முதலில் வைட்டமின் பி-1 ஊசி. தயாமின் என்பார்கள். வருடக்கணக்கில் சோறு குறைத்துக் குடித்தவர் உடம்பில் இது தீர்ந்து போயிருக்கும். இது இல்லாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கும் ஆபத்து உண்டு. கண் பார்வை ஆடும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகப் போய்விடலாம். "ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க டாக்டர்" என்று வீட்டார் அவசரப்படும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

அடுத்தது, மூளையின் ஓட்டத்தைத் தணிக்கும் மாத்திரை. குளோர்டயசிபாக்சைடு, டயசிபாம் போன்றவை. ஈரல் கெட்டிருந்தால் லோராசிபாம். முதல் நாள் அதிகமாகக் கொடுத்து, தினம் தினம் குறைத்து, சுமார் ஒரு வாரத்தில் நிறுத்துவார்கள். பிரேக்கை ஒரேயடியாகப் பிடுங்காமல் மெதுவாக விடுவிக்கும் வேலை இது. இந்த மாத்திரைகளை மருந்துக்கடையில் சொந்தமாக வாங்கிப் போடக்கூடாது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே நின்றுவிடும்.

ரெயில் நிலையச் சுவர்களில் இன்னொரு நோட்டீசு ஒட்டி இருக்கும். "குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம்!" சாம்பாரில் கலந்து கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியுமோ என்னவோ! டைசல்பிரம் என்ற மருந்தாக இருந்தால், அதைச் சாப்பிட்டவர் தெரியாமல் குடிக்கும்போது முகம் சிவந்து, ரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகலாம். அது டாக்டர் கண்காணிப்பில், குடிப்பவரின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து.

"கீழ்ப்பாக்கமா?"

ஆஸ்பத்திரிக்குப் போகத் தடையாக நிற்பது பெரும்பாலும் பணம் அல்ல. வெட்கம்!

காத்திவாக்கத்தில் இருந்து ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு சுமார் 13 கிலோ மீட்டர். கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் நேரம் ஆகும், அவ்வளவுதான். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. 1794-ல் தொடங்கப்பட்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநல ஆஸ்பத்திரியிலும் குடி நோய்க்குச் சிகிச்சை உண்டு. ஆனால் சென்னையில் "கீழ்ப்பாக்கம்" என்றால் வசவு. "அங்க சேத்தா நாளைக்குப் பொண்ணுக்கு யாரு வருவா?" என்று கேட்கிறார்கள்.

குடி, ஏழை வீட்டு வியாதி மட்டும் அல்ல. முன்னாள் மத்திய நிதி மந்திரி டி.டி.கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி.ரங்கநாதன் குடியால் 1979-ல் இளம் வயதிலேயே இறந்தார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் மூலையில் உட்காரவில்லை. 1980-ல் கணவர் பெயரிலேயே குடி நோய் சிகிச்சைக்கு ஒரு அமைப்பைத் தொடங்கினார். அடையாறு பகுதி இந்திரா நகரில் டி.டி.கே. ஆஸ்பத்திரி என்று ஊர் அறிந்த இடம் அதுதான். 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. குடித்தவரை மட்டும் அல்ல, கூட வரும் மனைவியையும் உட்கார வைத்துப் பேசும் இடம் அது.

2019-ல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பைப் பாருங்கள். குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் சுமார் 5 கோடியே 70 லட்சம் பேர். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார். மற்ற 37 பேர் வீட்டிலேயே நடுங்குகிறார்கள்.

யாருக்கு அவசரம்?

காலையிலேயே குடிப்பவர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், வயதானவர், ஈரல் கெட்டவர் - இவர்கள் வீட்டில் தாமாக நிறுத்தக் கூடாது. முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்த வேண்டும். வலிப்பு, பிதற்றல், இல்லாததைப் பார்ப்பது, கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி - எது வந்தாலும் 108. யோசனை கேட்க 104. மனநல ஆலோசனைக்கு 14416. குடி, போதை பற்றிக் கேட்க 14446.

சிகிச்சை ஒரு வாரம்தான். அது உடம்பில் இருந்து மது இறங்குவதற்கு. ஆசை இறங்க மாதக்கணக்கு, வருடக்கணக்கு ஆகும். தூக்கம் திரும்பவே சில வாரம் பிடிக்கும்.

அந்த வீட்டுக்கு வருவோம். செவ்வாய் நள்ளிரவு ஆயாதான் முதலில் மனம் மாறினார். "சாவி வேலைக்கு ஆவல. வண்டியக் கூப்புடுறீ" என்றார். மகள் போன் செய்தாள். 108 வந்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் வண்டி பறந்தது. உள்ளே அவர் நட்டு முறுக்கிக்கொண்டே இருந்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடிப்பார்?" என்பது அல்ல. "கடைசியா எப்ப குடிச்சார்?" என்பதுதான். இதற்குச் சரியான பதில் தெரிந்தால்தான் அடுத்து என்ன வரும் என்று டாக்டர் கணக்குப் போட முடியும். பல வீட்டில் முழிப்பார்கள். "குடிக்கவே மாட்டாரு டாக்டர்" என்று பொய் சொல்வோரும் உண்டு.

மகள் முந்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம ராத்திரி ஒம்போது மணி சார். நான் பக்கத்துலதான் இருந்தேன்."