அணைக்குக் கீழே குடியிருப்போரே!

"வெள்ளம் வருமுன் அணை போடு" என்பார்கள் பெரியோர்கள். ஆனால் அணை போட்ட பின்னும் வெள்ளம் வரும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

பேராக் ஆற்றில் தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டெரோ என நான்கு அணைகள் படிக்கட்டுபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. 1930இல் கட்டப்பட்ட செண்டெரோதான் மூத்தது. கடைசிப் படியும் அதுவே. அதன் கீழே கோலகங்சார், பாரிட், தெலுக் இந்தான் என ஆற்றோரமாய் எத்தனையோ குடும்பங்கள்!

அணை உடைந்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். நமக்கு அண்டையிலுள்ள கேமரன் மலையில், 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் நடந்ததைக் கேளுங்கள். பெருமழையால் சுல்தான் அபு பக்கார் அணை நிரம்பியது. மலைச்சரிவுகளிலிருந்து வந்த சேறு ஏற்கெனவே ஏரியில் இடம் பிடித்திருந்தது. அணையைக் காக்கக் கதவைத் திறந்தார்கள். அணை உடையவில்லை, ஆனால் கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆற்றை ஒட்டியிருந்த வீடுகளை வெள்ளம் வாரிக்கொண்டது. உயிர்களும் பறிபோயின.

ஆகவே வாசகர்களே, உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழையை மட்டும் பார்க்காதீர்கள். மலையில் பெய்யும் மழையையும் கேட்டறியுங்கள். அபாயச் சங்கு ஊதினால், தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்க்க ஆற்றுக்கு ஓடாமல் மேட்டுக்கு ஏறுங்கள். அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரங்களை ஒரே பையில் வையுங்கள். பிள்ளைகளை மேட்டுக்குப் போகும் வழியில் பகலிலேயே ஒருமுறை நடத்திக் காட்டுங்கள். இருட்டில் கால்கள் அந்த வழியை மறக்கா.