படத்தொகுப்புப் படிக்க விரும்பும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்துவிட்டன. பொறியியலா, வணிகவியலா, மருத்துவம் சார்ந்த படிப்பா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் பிள்ளை, "வாப்பா, நான் எடிட்டிங் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்?

விசைத்தறிகளின் ஓசை ஓயாத சங்கரன்கோவிலிலும், அதைச் சுற்றியுள்ள புளியங்குடி, கடையநல்லூர் வட்டாரத்திலும் இக்கேள்வி இன்று பல வீடுகளில் எழுகிறது. கைப்பேசியிலேயே படங்களை வெட்டி இணைத்துப் பழகிய தலைமுறை இது. பெற்றோரின் அச்சம் இரண்டு. ஒன்று மார்க்கம், மற்றொன்று பணம். இரண்டுமே நியாயமானவை. எனினும், அதட்டி வாயடைப்பதும் தீர்வாகாது. விளம்பரத்தைப் பார்த்த மாத்திரத்தில் பணத்தைக் கட்டிவிடுவதும் அறிவுடைமை ஆகாது. விசாரித்து முடிவெடுப்பதே நன்று.

எடிட்டரின் வேலை என்ன?

திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படச் சட்டங்கள் ஓடுகின்றன. இரண்டு மணி நேரப் படம் என்றால் 1,72,800 சட்டங்கள். எடுக்கப்படுவதோ அதனினும் பன்மடங்கு. அவற்றுள் எதை வைப்பது, எதை நீக்குவது, எந்த முகத்தில் எத்தனை நொடி நிற்பது என்று முடிவு செய்பவரே எடிட்டர். முன்பு படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டினார்கள். இன்று கணினியில் செய்கிறார்கள். கருவி மாறியதே தவிர, வேலைக்கு வேண்டிய பொறுமையும் நிதானமும் மாறவில்லை. கருவியைச் சில மாதங்களில் பழகிவிடலாம். எங்கே வெட்டுவது என்று அறியும் அறிவுக்கே ஆண்டுகள் ஆகின்றன. நல்ல கல்லூரி கற்றுத் தருவது இந்த இரண்டாவதைத்தான்.

மார்க்கம் குறித்த தயக்கம்

சினிமா என்றதும் ஆபாசமும் ஆட்டமுமே பெற்றோர் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதே கலையில்தான் சிரியாவின் அலெப்போ நகரில் பிறந்த முஸ்தபா அக்காத், 1976-இல் 'தி மெஸேஜ்' படத்தைத் தந்தார். அவர் அமெரிக்கா சென்று பல்கலைக்கழகத்தில் முறையாகத் திரைக்கலை பயின்றவர். நபி (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அப்படத்தில் இல்லை. எதிரில் நிற்பவர்கள் கேமராவை நோக்கிப் பேசுவார்கள். பதில் நம் காதில் விழாது. ஆயினும் உரையாடல் நமக்குப் புரியும். மார்க்க வரம்பை மதித்துக்கொண்டு ஒரு வரலாற்றைச் சொல்லக் கலைத்திறன் துணை நின்றதற்கு இது சான்று. அப்படத்தைப் பற்றியும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஈரானின் மஜீத் மஜீதி 1997-இல் எடுத்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்', தொலைந்துபோன ஒரு சோடிக் காலணியை வைத்தே அண்ணன் தங்கையின் பாசத்தைச் சொல்லி உலகின் உள்ளத்தைத் தொட்டது.

ஆகவே, படிப்பு வேறு, அதைக் கொண்டு செய்யும் பணி வேறு என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். எதை வெட்டி ஒட்டக் கூடாது என்ற உறுதி அவனுக்கு முதலிலேயே வேண்டும். ஆவணப்படம், செய்தி, கல்விப் பாடங்கள் என்று எடிட்டருக்கு வேலை தரும் துறைகள் பல உள. ஐயமிருப்பின், நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் பிள்ளையையும் உடன் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

எங்கெங்கே படிக்கலாம்?

நமக்கு அண்மையில் உள்ளது சென்னை தரமணியிலுள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். பிளஸ் டூ முடித்தோர் இங்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பாகப் படத்தொகுப்புப் பயிலலாம். அரசு நிறுவனமாதலால் கட்டணம் தனியாரைக் காட்டிலும் மிகக் குறைவு. பொதிகை விரைவு வண்டியில் ஓர் இரவுப் பயணம். மொழிச் சிக்கலும் இல்லை.

அடுத்தது, புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960-இல் மத்திய அரசு தொடங்கிய திரைப்படக் கல்லூரி. அதைப் போன்றே கொல்கத்தாவில் 1995-இல் சத்யஜித் ரே பெயரில் மற்றொன்று தொடங்கப்பட்டது. இரண்டிலும் எடிட்டிங் மூன்றாண்டுப் படிப்பு. ஏதேனும் ஒரு பட்டம் பெற்ற பின்னரே, நுழைவுத் தேர்வும் நேர்முகமும் கடந்து சேர முடியும். 2025-இல் இவ்விரண்டும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாக அறிவிக்கப்பட்டிருப்பதால், புதிய விதிமுறைகளை நேரடியாகக் கேட்டறிவது அவசியம். 'முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.' படத்தை இயக்கிய ராஜ்குமார் ஹிரானி புனேயில் எடிட்டிங் படித்தவரே. ரேணு சலுஜா, பீனா பால் ஆகிய பெண்மணிகளும் அங்கே பயின்று தேசிய விருது பெற்ற எடிட்டர்கள்.

ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், கொல்லம் மாவட்டத்து விளக்குப்பாறை என்னும் சிற்றூரில் எளிய முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த ரசூல் பூக்குட்டியும் புனே மாணவர்தாம். அவர் படித்தது ஒலிப்பதிவு. 1995-இல் படிப்பை முடித்தவர், 2009-இல் 'ஸ்லம்டாக் மில்லியனேர்' படத்திற்காக ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். இந்தப் பதினான்கு ஆண்டு இடைவெளியை உங்கள் பிள்ளை கவனிக்கட்டும்.

டெல்லியின் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா பல்கலைக்கழகத்தில் 1982-இல் தொடங்கிய மக்கள் தொடர்பியல் ஆய்வு மையமும் குறிப்பிடத்தக்கது. எடிட்டிங் மட்டுமன்றி ஆவணப்படத் தயாரிப்பு முழுவதையும் அங்கே முதுகலைப் படிப்பாகப் பயிலலாம். தொழுகைக்கும் உணவுக்கும் தடையற்ற சூழலை நாடும் பெற்றோர்க்கு இது ஆறுதல் தரும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

தனியார் பயிற்சி நிலையங்களில் நல்லவையும் உண்டு. வெறும் விளம்பரத்தில் வாழ்பவையும் உண்டு. "நூறு விழுக்காடு வேலை உறுதி" என்ற வாசகத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். நேரில் சென்று இவற்றைக் கேளுங்கள்: பாடம் நடத்துபவர் இப்போதும் தொழிலில் இருக்கிறாரா? ஒரு வகுப்பில் எத்தனை பேர், ஒரு கணினிக்கு எத்தனை பேர்? படிப்பு முடிவதற்குள் மாணவர் தம் பொறுப்பில் எத்தனை படங்களைத் தொகுப்பார்? சென்ற ஆண்டு மாணவர்களின் படங்களைக் காட்டுவார்களா? சான்றிதழை எந்தப் பல்கலைக்கழகம் அளிக்கிறது? இடையில் விலகினால் பணம் திரும்புமா? பிறகு, வாயிலில் நிற்கும் இரண்டாமாண்டு மாணவரிடம் அதே கேள்விகளைக் கேளுங்கள். விடைகள் ஒத்திருந்தால் நல்லது.

கல்லூரியே வழி என்றும் எண்ண வேண்டாம். இலக்கியப் பட்டதாரியான ஸ்ரீகர் பிரசாத் திரைப்படக் கல்லூரிக்குச் சென்றவரல்லர். எடிட்டரான தம் தந்தையிடம் தொழில் பழகினார். 'கன்னத்தில் முத்தமிட்டால்' உள்ளிட்ட படங்களுக்குத் தேசிய விருதுகள் பெற்றார். ஆனால் அவருக்கு வீட்டிலேயே ஆசான் இருந்தார். சென்னையில் ஒருவரையும் அறியாத நம் ஊர்ப் பிள்ளைக்கு, ஆசிரியரையும் உடன் வளரும் நண்பர்களையும் ஒரே இடத்தில் தருவது கல்லூரிதான்.

செலவு செய்யுமுன் ஒரு சோதனையும் உண்டு. விடுமுறையில் மூன்று மாதம், ஊரிலுள்ள நிக்காஹ் வீடியோ எடிட்டிங் செய்யும் கடையில் பிள்ளையை உதவிக்கு அமர்த்துங்கள். ஆறு மணி நேர வலீமாவை அரை மணி நேரமாக்கும் வேலையில் சலிப்படையாமல் அமர்ந்திருந்தால், ஆர்வம் உண்மையானது. பத்து நாளில் எழுந்து வந்துவிட்டால், பல லட்சம் மிச்சம்!

பணத்திற்கு வழி

வட்டிக்கடன் நமக்கு ஆகாது. ஆதலால் அரசு நிறுவனத்தையே முதலில் நாடுங்கள். தமிழகத்தில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உள்ளது. சாதிச் சான்றிதழை முன்கூட்டியே வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற்று வையுங்கள். மத்திய நிறுவனங்களுக்குரிய சான்றிதழ் தனி என்பதை மறவாதீர்கள். ஊர் பைத்துல்மாலும் ஜமாஅத்தும் பொறியியல் மாணவருக்கு உதவுவது போன்றே இத்துறை மாணவருக்கும் அழகிய கடன் வழங்க முன்வர வேண்டும். நம்மைப் பற்றிப் பிறர் எடுக்கும் படங்களில் நாம் எவ்வாறு காட்டப்படுகிறோம் என்று குறைப்பட்டுக்கொள்ளும் சமுதாயம், அப்படங்களைத் தொகுக்கும் மேசையில் அமரத் தன் பிள்ளைகளில் ஒரு சிலரையேனும் ஆயத்தப்படுத்த வேண்டாமா?

எண்ணம் தூய்மையாகவும் விசாரணை முழுமையாகவும் இருந்தால், இன்ஷா அல்லாஹ், பிள்ளையின் உழைப்பு வீண்போகாது. இவ்வாரமே அவனுடன் அமர்ந்து பேசுங்கள். உங்கள் வீட்டில் கேட்பது மகளாயின், அவளுக்கும் இதே பொறுமையோடு செவி கொடுங்கள்.