கழுத்து நிற்பதற்கு முன்

என்னுடைய முதல் போட்டோ 1980-ல் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்த ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. கறுப்பு வெள்ளை. குப்புறப் படுத்து, தலையை நிமிர்த்தி, வாயைப் பிளந்துகொண்டு கேமராவைப் பார்க்கிறேன். உடம்பில் அரைஞாண் கயிற்றைத் தவிர எதுவும் கிடையாது. கன்னத்தில் காலணா அளவுக்குத் திருஷ்டிப் பொட்டு. பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்பில் ‘திண்டுக்கல், மதுரை மாவட்டம்’ என்று இருக்கும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-ல்தான்.

உங்கள் வீட்டிலும் இதே படம் இருக்கும். 1960-லிருந்து 1990-க்குள் பிறந்தவர் என்றால் அநேகமாக நிச்சயம். ஊர் வேறு, ஸ்டுடியோ வேறு, சாதி மதம் வேறு, ஆனால் குழந்தை குப்புறத்தான் படுத்திருக்கும். வயது நாலு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள். அதற்கு முந்தைய படம் கிடையாது. ஏன் என்று ரொம்ப நாள் நான் யோசித்ததே இல்லை.

யோசிக்க வைத்தது அம்மா சொன்ன ஒரு விஷயம். எனக்கு முன்னால் 1978-ல் ஒரு அக்கா பிறந்து, இரண்டு மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அவளுக்குப் படம் எதுவும் இல்லை. முப்பது கழிந்ததும் அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனதாகவும், படம் எடுக்காமலே திரும்பி வந்ததாகவும் அம்மாவுக்கு மங்கலாக ஞாபகம். “கழுத்து நிக்கட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்னு இருந்துட்டோம்” என்பார். அப்பா இப்போது இல்லை, கேட்க முடியாது.

அந்த ஸ்டுடியோவைத் தொடங்கியவர் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். அவருடைய மகன்தான் இப்போது திண்டுக்கல்லிலும் சுற்றுவட்டாரத்திலும் பிறந்த குழந்தைகளைப் படம் எடுக்கிறார். என்னைவிடச் சின்னவர், ‘அண்ணே’ என்று கூப்பிடுவார். அப்பா, மகன் இரண்டு பேரிடமும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் பேசியதில் சேர்ந்த குறிப்புகள்தான் இது.

முதலில் பெரியவரிடம் என் கேள்வியைப் போட்டேன். ஏன் குப்புற? அவர் சிரித்தார். “மல்லாக்கப் போட்டா மேல பார்க்கும். நான் என்ன கூரையிலயா தொங்க முடியும்?”

விளையாட்டாகச் சொன்னாலும் இதில் விஷயம் இருக்கிறது. அவரிடம் இருந்தது இடுப்பு உயரத்தில் வைத்துக் குனிந்து பார்க்கிற யாஷிகா இரட்டை லென்ஸ் கேமரா. 120 ரோல் ஒன்றுக்குப் பன்னிரண்டு படம். வெளிச்சத்துக்கு இரண்டு 500 வாட் பல்பு. நான் சாஃப்ட்வேர்காரன், எதையும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் தூக்கம் வராது. ஆறடி தூரத்தில் ஆயிரம் வாட், 100 ஏஎஸ்ஏ ஃபிலிம், லென்ஸ் திறப்பு எஃப் 5.6 என்று வைத்தால், ஷட்டர் சுமார் 1/30 நொடி திறந்திருக்க வேண்டும். குழந்தையின் கை நொடிக்கு 30 செ.மீ. வேகத்தில் ஆடினால் (இது பெரிய வேகம் இல்லை) அந்த 1/30 நொடியில் 1 செ.மீ. நகர்ந்துவிடும். பிறந்த குழந்தையின் உள்ளங்கையும் விரலும் சேர்த்தே ஆறேழு செ.மீ.தான். படத்தில் கை இருக்க வேண்டிய இடத்தில் புகைதான் இருக்கும்.

பச்சைக் குழந்தை சும்மாவும் இருக்காது. சின்னச் சத்தம் கேட்டாலும் தூக்கிவாரிப் போட்டதுபோல் இரண்டு கையையும் விரிக்கும். மருத்துவத்தில் மோரோ அனிச்சை என்கிறார்கள். இது மறைய நாலைந்து மாதம் ஆகும். கழுத்து உறுதிப்படுவதும் குப்புறப் போட்டால் தலையைத் தூக்கி நிறுத்துவதும் ஏறக்குறைய அதே சமயத்தில்தான். அந்த வயதில் குப்புறப் படுத்த குழந்தை தன் கைகளைத் தானே உடம்புக்கடியில் ஊன்றிக்கொள்கிறது, முகத்தைத் தானே கேமராவுக்கு நேராகத் தூக்குகிறது, கிலுகிலுப்பையை ஆட்டினால் இரண்டு நொடி அசையாமல் பார்க்கிறது. அந்த இரண்டு நொடிதான் பெரியவருடைய தொழில். முக்காலி, ஸ்டாண்டு, உதவியாள் எல்லாமே அந்தக் குழந்தைதான்!

ஃபிலிமும் சும்மா கிடைக்கவில்லை. ஊட்டியில் 1960-ல் அமைக்கப்பட்டு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம், கிழக்கு ஜெர்மனியின் ‘ஆர்வோ’ இரண்டையும் ரொம்ப அளந்துதான் பயன்படுத்தினாராம். குழந்தைக்கு ஒரு படம், மிஞ்சிப்போனால் இரண்டு. பன்னிரண்டும் முடிந்தால்தான் ரோலைக் கழுவுவார். ஆடி மாதம் என்றால் ஒரு ரோல் முடியவே வாரக்கணக்கில் ஆகும்.

இது திண்டுக்கல்லுக்கு மட்டும் உரிய சிக்கல் இல்லை. ஐரோப்பாவில் புகைப்படம் வந்த புதிதில் நொடிக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அப்போது அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தலையோடு துணியைப் போர்த்தி மூடி, மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். பார்ப்பதற்கு ஏதோ திரைச்சீலை முன்னால் குழந்தை உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். இன்று இந்தப் படங்களை ‘மறைந்திருக்கும் தாய்’ என்று பெயரிட்டுத் தேடிச் சேர்க்கிறார்கள். நம் ஊரில் துணியெல்லாம் போர்த்தவில்லை. ஓரத்தில் ஒரு கை பிடித்திருக்கும், பிரிண்ட் போடும்போது அதை வெட்டிவிடுவார்கள். என் படத்தில் வெட்டு சரியாக விழவில்லை. இடது ஓரத்தில் நாலு கண்ணாடி வளையல் தெரிகிறது. அது என் அத்தை.

சரி, என் அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

பெரியவர் நெகட்டிவ்களை வருஷவாரியாக போட்டோ பேப்பர் வந்த அட்டைப் பெட்டிகளில் போட்டு வைத்திருக்கிறார். இதுவே அதிர்ஷ்டம். பல ஸ்டுடியோக்களில் பழைய நெகட்டிவ்களை அதிலிருக்கும் வெள்ளிக்காக எடைக்குப் போட்டுவிட்டார்கள். மிஞ்சியதைக் கறையான் தின்றது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை டிஜிட்டலாக்கிக் காப்பாற்றும் வேலையை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் நிதி உதவியோடு செய்திருக்கிறது. அந்தத் தொகுப்பை இணையத்தில் பார்க்கலாம், ஒரு ராத்திரி முழுக்கப் போய்விடும், எச்சரிக்கிறேன். இவருடைய பெட்டிகள் அதில் இல்லை.

1978 என்று எழுதிய பெட்டி இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைத் தாளை ஒட்டி, ஒவ்வொரு ஃபிலிமாக வைத்துப் பார்த்தேன். கல்யாணம், பள்ளிக்கூட குரூப், பழனியில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிவந்த பிள்ளைகள், குப்புறப் படுத்த குழந்தைகள். நான் தேடியது இல்லை. பெரியவரிடம் காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“மூணு மாசத்துக்குக் கீழ வந்தா திருப்பி அனுப்பிருவேன் தம்பி. ஃபிலிம் வீணாயிரும்ல. கழுத்து நிக்கட்டும், கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவேன். உங்க அப்பாகிட்டயும் அதத்தான் சொல்லியிருப்பேன்.”

அம்மா இத்தனை வருஷம் சொல்லிவந்த வாக்கியம் யாருடையது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 1/30 நொடிக்கு அவர் என்ன செய்வார்?

ஆனால் அந்த மூன்று மாதக் காத்திருப்பு எவ்வளவு பெரியது என்பதை எண்ணில் பார்க்க வேண்டும். 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அந்த மரணங்களில் பெரும்பகுதி முதல் சில வாரங்களில் நிகழ்பவை. அதாவது எந்தக் காலத்தில் ஒரு குழந்தையை இழக்கும் வாய்ப்பு அதிகமோ, சரியாக அந்தக் காலத்தில்தான் கேமராவால் அதைப் படம் எடுக்க முடியவில்லை. ‘போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்’ என்று பாட்டிகள் சொன்னதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருந்தேன். எடுக்காமலே போன குழந்தைகளைப் பார்த்த தலைமுறை, படத்தைத் தள்ளிப்போட ஏதோ ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது தோன்றுகிறது.

பெரியவர் இறந்தவர்களைப் படம் எடுக்கவும் போயிருக்கிறார். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, சுற்றிக் குடும்பம் நிற்கும் படங்கள் அந்தக் காலத்தில் சாதாரணம். கைக்குழந்தைக்கு யாராவது கூப்பிட்டார்களா என்று கேட்டேன். ஒருதடவைகூட இல்லை என்றார். சின்னக் குழந்தைக்குப் பெரிய சடங்கு கிடையாது, சுவரில் படம் மாட்டுவதும் கிடையாது. புதைத்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் வழக்கம். அமெரிக்காவில் 2005-ல் கொலராடோவில் ஒரு தொண்டு அமைப்பு தொடங்கினார்கள். இறந்து பிறந்த, பிழைக்காத குழந்தைகளைப் பெற்றோருக்காக இலவசமாகப் படம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அதைச் சொன்னபோது பெரியவர், “நல்லதுதான்” என்று மட்டும் சொன்னார்.

இன்றைய கணக்கு வேறு. 2020-ல் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 13. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. இந்த மாற்றத்தில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. திண்டுக்கல்லை ஒட்டிய காந்திகிராமத்தில் டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் போட்ட அடித்தளத்தில் கஸ்தூர்பா மருத்துவமனை வளர்ந்தது. பக்கத்து ஆத்தூர் வட்டாரத்தில் 1959-ல் தொடங்கிய கிராம சுகாதார முன்னோடித் திட்டத்தை நாட்டின் குடும்பநலத் திட்ட வரலாற்றைப் படிப்பவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். (இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். குறிப்புகள் இருக்கின்றன, நேரம்தான் இல்லை.)

நாலு பிள்ளைக்கு ஆளுக்கொரு படம் என்பது ஒரு பிள்ளைக்கு நானூறு படம் என்று ஆனது இப்படித்தான். அந்த நானூறை எடுப்பவர் பெரியவரின் மகன்.

கல்யாண போட்டோகிராஃபருக்கு ஆடியிலும் மார்கழியிலும் வேலை இல்லை. குழந்தைகள் மாதம் பார்த்துப் பிறப்பதில்லை. அதனால்தான் இந்தப் பக்கம் வந்தேன் என்று வெளிப்படையாகச் சொல்கிறார். குழந்தையைப் பூவுக்குள்ளும் காய்க்குள்ளும் வைத்து எடுக்கும் பாணியை உலகத்துக்குப் பரப்பியது ஆன் கெடஸ். நியூசிலாந்தில் இருந்து அவர் 1996-ல் வெளியிட்ட ‘டவுன் இன் த கார்டன்’ புத்தகத்தின் பேரன் பேத்திகள்தான் இன்று இன்ஸ்டாகிராமில் வருகிற எல்லாமே. அந்தப் பாணியின் பாலபாடம், குழந்தையை இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிடு என்பது. அப்போதுதான் நன்றாகத் தூங்கும், கருப்பையில் இருந்ததுபோல் சுருண்டு கொடுக்கும்.

நம் ஊரில் அது நடக்காது. தீட்டுக் கழியும்வரை குழந்தையை வெளியே எடுக்க மாட்டார்கள். எனவே இவர் பிரசவ வீட்டுக்கே போகிறார். அவரது பையில் சின்னாளபட்டி சுங்குடியில் வெட்டிய துணிகள், ஒரு மூங்கில் கூடை, ஒரு முறம். ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிடச் சொல்வார். மே மாதத்து நிலக்கோட்டையில் அப்படி இரண்டு மணி நேரம் வேலை பார்த்தால் சட்டையைப் பிழியலாம். நிலக்கோட்டை மல்லிக்குப் பேர் போன ஊர், வீட்டுக்காரர்கள் ஆசையாகப் பூவைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். எறும்பு இருக்கும் என்று இவர் தொட மாட்டார்.

இரண்டு உள்ளங்கையில் தாடையைத் தாங்கிக்கொண்டு குழந்தை தவளைபோல் உட்கார்ந்து தூங்கும் படம் பார்த்திருப்பீர்கள். அது ஒரு படம் இல்லை, இரண்டு. முதல் படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், அடுத்ததில் கையையும் மணிக்கட்டையும் பிடித்திருப்பார். பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்து, பிடித்த கைகளை அழித்துவிடுவார்கள். எந்தப் பச்சைக் குழந்தையும் தானாக அப்படி உட்காராது. தாடை நெஞ்சில் அழுந்தினாலே அதற்கு மூச்சுப்பாதை குறுகிவிடும். இதை எத்தனை பெற்றோர் தெரிந்துகொண்டு வீட்டில் செல்போனில் முயற்சி பண்ணாமல் இருக்கிறார்கள் என்பது எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தோடு கை அழிக்காத மூலத்தையும் கொடுத்துவிடுவது நல்லது.

நிறத்தைத் திருத்துவதில்தான் எனக்கும் அவருக்கும் நீண்ட பேச்சு. பிறந்த இரண்டு மூன்றாம் நாளில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் தட்டும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் வடிந்துவிடும். கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமநிலை அந்த மஞ்சளைத் தானே குறைத்துக் காட்டும். மிச்சத்தைச் சாஃப்ட்வேர் துடைத்துவிடும். பெற்றோர் கேட்பதும் அதைத்தான்: “கொஞ்சம் வெள்ளையா பண்ணிருங்க.” இவர் படம் எடுக்கும் முன் சாம்பல் அட்டையை வைத்து நிறத்தை அளவெடுத்துக்கொள்கிறார். உள்ளங்கால்வரை மஞ்சள் தெரிந்தால் துணியைச் சுற்றிவிட்டு, முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், படம் அப்புறம் என்று எழுந்து வந்துவிடுகிறார். இதில் அட்வான்ஸ் போனதும் உண்டு. திருஷ்டிப் பொட்டை மட்டும் எந்தப் படத்திலும் அழிப்பதில்லை, அழித்தால் ஆச்சிகள் சும்மா விடமாட்டார்கள்.

போன வருஷம் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தம்பி மனைவியின் அம்மா வீடு வத்தலகுண்டில். பதினெட்டாம் நாள் இவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவும் வந்திருந்தார். ஜன்னலோரம் முறத்தில் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தினார்கள். ஷட்டர் 1/250 நொடி. குழந்தை கையை உதறியது, அப்படியே பதிந்தது. பிறகு அந்தத் தவளைப் படத்துக்குத் தலையைப் பிடிக்க அம்மாவைத்தான் கூப்பிட்டார்.

பத்து நாள் கழித்துப் பிரிண்ட் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“கழுத்து நிக்காமயேல்ல எடுத்துட்ட?”

“நிக்காமத்தாம்மா. நீங்கதான பிடிச்சிருந்தீங்க.”

“என் கையக் காணோம்?”

“அழிச்சிட்டேன்மா.”

“அழிக்காததும் ஒண்ணு போட்டுக் குடு தம்பி.”

அடுத்த வாரம் கொடுத்தார். அம்மா அதை என்னுடைய 1980 படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறார்.