நீதி தேவதைக்குக் கண்ணைக் கட்டியது யார்?



நீதி, காதல், செல்வம், மரணம் இவற்றையெல்லாம் கையால் தொட முடியாது. அதனால்தான் மனிதன் அவற்றுக்கு உருவம் கொடுத்தான். காதலுக்கு மன்மதன், செல்வத்துக்கு லட்சுமி, மரணத்துக்கு எமன். நீதி தேவதையும் அப்படிப் பிறந்தவள்தான். சினிமா கோர்ட் சீனில் கண்ணில் கறுப்புத் துணியும் கையில் தராசுமாக நிற்பாளே, அவளேதான்!

அவளுடைய சொந்த ஊர் ஐரோப்பா. கிரேக்கர்கள் தெமிஸ் என்றார்கள். ரோமானியர்கள் யுஸ்டீசியா என்றார்கள். அந்தப் பழைய தேவதைகளுக்குக் கண்கட்டு கிடையாது. அப்படியானால் கட்டியது யார்?

ஒரு முட்டாள்! 1494-ல் பேசல் நகரில் செபாஸ்டியன் பிராண்ட் என்பவரின் 'முட்டாள்களின் கப்பல்' என்ற நையாண்டி நூல் வெளிவந்தது. அதில் ஒரு படம். கோமாளிக் குல்லா போட்ட ஒருவன் பின்னால் நின்று நீதியின் கண்ணைக் கட்டுகிறான். எதற்கெடுத்தாலும் கேஸ் போடுகிறவர்களைக் கேலி செய்த படம் அது.

ஐம்பது வருஷத்துக்குள் அந்தக் கேலியே பெருமையாகிவிட்டது. 1543-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர நீரூற்றில் வைத்த நீதி தேவதைக்கும் கண்கட்டு உண்டு. அவள் காலடியில் போப்பாண்டவர், பேரரசர், சுல்தான், நகரத் தலைவர் என்று நான்கு பேர். எவ்வளவு பெரிய ஆளானாலும் முகம் பார்க்கமாட்டேன் என்று அர்த்தம்.

வெள்ளைக்காரன் கோர்ட்டோடு அவள் நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தாள். எங்க அப்பா கைநாட்டு. ஒரு வீட்டுமனை வழக்குக்காகப் பல வருஷம் கோர்ட் வாசலில் நின்றவர். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். இந்தக் கதையை அவரிடம் சொன்னபோது கேட்டார்: "பணக்காரன் மூஞ்சியப் பாக்காம இருந்தா நல்லதுதான். ஆனா நாம நிக்கிறதும் தெரியாமப் போயிடுமேடா?"

நியாயமான கேள்வி! நம் லேப் தராசையே எடுத்துக்கொள்ளுங்கள். முள் நடுவில் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்தால்தானே எடை சரியாக வரும்? 2024 அக்டோபரில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நூலகத்தில் வைக்கப்பட்ட புதிய சிலை பற்றிச் செய்தி வந்தது. அந்தச் சிலைக்குக் கண் திறந்திருந்தது. வாள் இருந்த கையில் அரசியல் சட்டப் புத்தகம். தராசு மட்டும் மாறவில்லை.

ஆகவே நண்பர்களே, ஒரு கருத்துக்கு உருவம் கொடுக்கும்போது அதன் கையில் எதைக் கொடுக்கிறோம், கண்ணில் எதைக் கட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கண்ணைக் கட்டினாலும் சரி, அவிழ்த்தாலும் சரி, கோர்ட் வாசலில் நிற்கிற ஏழை கேட்பது ஒன்றுதான்: தராசு சரியா இருக்கா?